தட்டுவதற்கு முன் எழுத வேண்டிய வரி

1912ஆம் ஆண்டு, புதுச்சேரி. விடுதலைப் போராளி வ.வே.சு. ஐயர் குடியிருந்த வீட்டில் கிணற்றுத் தண்ணீர் சேந்தும்போது ஒரு ஜாடி மேலே வந்தது. உள்ளே ஆங்கில அரசுக்கு எதிரான துண்டுப் பிரசுரங்கள், காளியின் உருவம். வீட்டில் இருந்த யாரும் போட்டதல்ல அது. பிரிட்டிஷ் உளவாளிகள் ஆள் வைத்துப் போடச் செய்த சரக்கு.

ஐயரும் பாரதியும் அரவிந்தரும் புதுச்சேரியில் தங்கியிருந்ததற்குக் காரணமே, பிரெஞ்சு எல்லைக்குள் வந்து ஆங்கிலேயப் போலீஸ் அவர்களைக் கைது செய்ய முடியாது என்பதுதான். அந்தப் போலீஸ் ஊருக்குள் வாடகைக்கு வீடு பிடித்து வேவு பார்க்கலாம். யார் வந்தார், யார் போனார் என்று குறித்துக்கொள்ளலாம். கதவைத் தாண்ட முடியாது. 1918 நவம்பரில் பாரதி எல்லையைக் கடந்ததும் கடலூர் அருகே கைதானார் என்றால், அந்தக் கோடு அவ்வளவு காலமும் அவரைக் காத்து நின்றது என்று பொருள். கதவைத் தாண்டும் அதிகாரம் பிரெஞ்சு அதிகாரிகளிடம் இருந்தது. அவர்களை உள்ளே அனுப்ப ஒரு காரணம் வேண்டும். கிணற்றில் போட்ட ஜாடி அந்தக் காரணத்தைத் தயாரிக்கும் முயற்சி.

அரவிந்தர் சொன்ன யோசனை எளிமையானது. மறைக்க வேண்டாம், எரிக்க வேண்டாம். பிரெஞ்சு போலீசுக்கு நாமே தகவல் சொல்லி, வந்து எடுத்துப் போகச் சொல்லுவோம். அப்படியே செய்தார்கள். இதற்கிடையில் மயூரேசன் என்பவர் கொடுத்த புகாரின் பேரில் நாந்தோ என்ற பிரெஞ்சு விசாரணை நீதிபதி அரவிந்தர் வீட்டைச் சோதனையிட வந்தார். வெடிமருந்தையோ சதிக் கடிதங்களையோ எதிர்பார்த்து வந்தவர் கண்ணில் பட்டவை கிரேக்க, லத்தீன் புத்தகங்கள். இந்த மனிதர் லத்தீன் படிக்கிறார், கிரேக்கம் படிக்கிறார் என்று வியந்தவர், சந்தேகம் தெளிந்து திரும்பினார். பிறகு தம் இடத்துக்கு வந்து சந்திக்கும்படி அரவிந்தரை அழைக்கவும் செய்தார்.

இந்தச் சம்பவத்தைச் சுதந்திரப் போராட்டத்தின் ஒரு துணுக்காக மட்டும் படித்துவிட்டுக் கடந்துவிடுகிறோம். வீட்டுச் சோதனை பற்றிச் சட்டம் யோசிக்க வேண்டிய அத்தனையும் அதற்குள் இருக்கிறது. ஒரு வீட்டுக்குள் ஒரு பொருள் கிடைத்தது என்றால், அது அங்கே கிடைத்தது என்பது மட்டும்தான் உறுதி. யார் வைத்தார்? எடுக்கும்போது யார் பார்த்தார்? தேடி வந்தவருக்கு அதைப் பற்றி முன்பே தெரியுமா, கண்ட பிறகு கதை கட்டினாரா? ஜாடியைத் தாங்களே ஒப்படைத்ததால் ஐயர் வீட்டார் இந்தக் கேள்விகளுக்கெல்லாம் முன்கூட்டியே பதில் சொல்லிவிட்டார்கள். எல்லா வீட்டுக்கும் அந்த வாய்ப்பு கிடைப்பதில்லை. அதனால்தான் சட்டம் தேவைப்படுகிறது.

“வாரண்ட் இருக்கா?” என்று கதவருகே நின்று கேட்கும் காட்சி நம் சினிமாக்களில் நிறைய உண்டு. இல்லை என்றால் போலீஸ்காரர் திரும்பிப் போய்விடுவார். பலரும் சட்டம் அப்படித்தான் என்று நினைத்திருக்கிறார்கள். உண்மை வேறு. இந்தியாவில் போலீஸ் வாரண்ட் இல்லாமலே வீட்டுக்குள் நுழையச் சட்டம் பல வழிகளைத் திறந்து வைத்திருக்கிறது. அன்றாட வழக்குகளில் பெரும்பாலான தேவைக்கு அந்த வழிகளே போதும். வியப்பு அதில் இல்லை. நீதிபதியின் கையெழுத்து இல்லாத இடத்தில் அதற்கு ஈடாகச் சட்டம் எதையெல்லாம் கொண்டுவந்து நிறுத்துகிறது என்பதில்தான் இருக்கிறது. ஒரு வரி எழுத்து, அக்கம்பக்கத்தார் இருவர், ஒரு செல்போன் கேமரா, நாற்பத்தெட்டு மணி நேரக் கெடு, சில வேளைகளில் சூரியன்.

முதலில் ஆளைத் தேடி வரும் வழி. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 44ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 47.) கைது செய்ய அதிகாரம் உள்ள ஒரு போலீஸ் அதிகாரி, தேடப்படும் ஆள் இந்த வீட்டுக்குள் இருக்கிறார் என்று நம்பக் காரணம் இருந்தால், உள்ளே விடும்படி வீட்டுக்காரரைக் கேட்கலாம். வீட்டுக்காரர் விட வேண்டும். அது தேடப்படுபவரின் சொந்த வீடாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் சங்கிலியைப் பறித்தவன் ஓடிப்போய் முன்பின் தெரியாத ஒருவர் வீட்டுக்குள் புகுந்துகொண்டாலும், பின்னால் வரும் போலீசுக்கு இந்த வழி திறந்திருக்கிறது. வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்றால், அந்தக் கைதுக்காக நுழையவும் வாரண்ட் தேவையில்லை.

கதவை உடைக்கவும் செய்யலாம். ஆனால் அதற்கு முன் மூன்று காரியம் நடந்திருக்க வேண்டும். நான் இன்னார், எனக்கு இந்த அதிகாரம் இருக்கிறது என்று சொல்ல வேண்டும். இன்ன காரியமாக வந்திருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். கதவைத் திறக்கும்படி கேட்க வேண்டும். இந்த மூன்றின் வயது நானூறு ஆண்டுக்கு மேல். 1604இல் லண்டனில் கடன் கொடுத்திருந்த செமெய்ன் என்பவர் தொடுத்த வழக்கில் வந்த தீர்ப்புதான் ‘ஒருவன் வீடு அவனுக்குக் கோட்டை’ என்ற ஆங்கிலேயக் கொள்கைக்கு ஊற்று. வழக்கு என்னவோ சிவில் கடன் வழக்கு. அரசரின் காரியமாக வந்த ஆள் கதவை உடைக்கலாம் என்றுதான் அதே தீர்ப்பு சொன்னது. உடைப்பதற்கு முன் வந்த காரணத்தைச் சொல்லித் திறக்கக் கேட்டாக வேண்டும் என்று சேர்த்துச் சொன்னது. ஆங்கிலேயர் எழுதிய சட்டத்தின் வழியாக இந்தியாவுக்கு வந்து, இன்றைக்குப் புதுச்சேரியின் வைசியாள் வீதிக் கதவு வரைக்கும் அந்த வாசகம் வந்து சேர்ந்திருக்கிறது.

அதே பிரிவில் இன்னொரு நிபந்தனை உண்டு. நுழைய வேண்டிய அறையில் வழக்கப்படி பொதுவெளிக்கு வராத பெண் ஒருவர் இருந்தால், கைது செய்ய வேண்டியவர் அவரல்ல என்றால், உடைப்பதற்கு முன் அவர் வெளியேறுவதற்குச் சொல்லி, அதற்கு வசதியும் செய்து தர வேண்டும். பர்தா முறை இருந்த காலத்து வாசகம். காலம் மாறியும் சட்டம் அதை விடவில்லை. தேடப்படாத ஒருவருக்கும் அந்த வீட்டுக்குள் மானம் உண்டு என்பதை நினைவில் வைத்திருக்கும் வாசகம் அது. மாறாமல் இருப்பது நல்லதென்றே நினைக்கிறேன்.

உள்ளே யாரோ அலறுகிறார்கள் என்றால்? அங்கேயே கண்முன் நடக்கும் குற்றத்துக்குக் கைது செய்யவும், நடக்கப்போகும் குற்றத்தைத் தடுக்கவும் போலீசுக்குத் தனித்தனியே அதிகாரம் இருக்கிறது. மனைவியை அடிக்கும் சத்தம் கேட்டுத் தெருவே கூடி நிற்கும்போது, வாரண்ட் வாங்கி வரட்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லாது.

ஆளைத் தேடுவதைவிடப் பொருளைத் தேடுவதுதான் சிக்கலான விஷயம். ஆள் இருந்தால் இருக்கிறார், இல்லையென்றால் இல்லை. பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பொருளைத் தேடுவது அப்படியல்ல. பீரோ, பரண், பூஜை அறை, குழந்தையின் புத்தகப் பை, அரிசி டிரம் என்று எல்லாவற்றையும் அது தொட்டுவிடும். வீட்டின் அந்தரங்கம் முழுக்க வெளியே வந்துவிடும். ஆகவே 185ஆம் பிரிவு (பழைய 165) கொஞ்சம் அதிகமாகவே கேட்கிறது.

வழக்கை விசாரிக்கும் அதிகாரிக்கு, விசாரணைக்குத் தேவையான ஒரு பொருள் தன் ஸ்டேஷன் எல்லைக்குள் இன்ன இடத்தில் கிடைக்கும் என்று நம்ப நியாயமான காரணம் இருக்க வேண்டும். வாரண்ட் வாங்கப் போனாலோ வேறு வழியில் கேட்டு வாங்க முயன்றாலோ வீண் தாமதம் ஆகும் என்றும் இருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் அவர் சோதனையிடலாம், ஆனால் தன் நம்பிக்கைக்கான காரணத்தை வழக்கு நாட்குறிப்பில் எழுதிய பிறகு. முடிந்த அளவுக்கு எந்தப் பொருளைத் தேடுகிறார் என்பதையும் அதில் குறிப்பிட வேண்டும். அவரே போக வேண்டும். முடியாவிட்டால் தனக்குக் கீழே உள்ளவரை எழுத்து மூலம் உத்தரவிட்டு அனுப்ப வேண்டும், ஏன் தன்னால் முடியவில்லை என்பதையும் எழுத வேண்டும்.

எழுதிய பிறகு. இந்த வரிசைதான் இந்தப் பிரிவின் உயிர். முதலில் எழுத்து, அப்புறம் கதவு.

ஏன் முதலில்? மனித மனம் அப்படிப்பட்டது. ஒரு வீட்டில் கஞ்சாப் பொட்டலம் கிடைத்த பிறகு, அது கிடைக்கும் என்று எனக்கு ஆரம்பத்திலேயே தெரியும் என்று யாராலும் மனப்பூர்வமாகச் சொல்லிவிட முடியும். பொய் சொல்கிறோம் என்ற உணர்வுகூட இருக்காது. கண்டது, நினைத்ததையே மாற்றி எழுதிவிடும். மனதில் அரைகுறையாக இருந்த சந்தேகம், பொருள் கிடைத்த அந்த நொடியிலிருந்து உறுதியான நம்பிக்கையாக நினைவில் பதிந்துவிடும். உளவியலில் இதை நிறைய ஆராய்ந்திருக்கிறார்கள். சட்டம் எழுதியவர்கள் அந்த ஆராய்ச்சிகளைப் படித்தவர்கள் அல்லர். ஆனாலும் மனதின் இந்தப் பழக்கத்தை அறிந்திருந்தார்கள். கதவு திறப்பதற்கு முன் என்ன நினைத்தாய் என்பதைக் கதவு திறப்பதற்கு முன்பே காகிதத்தில் பிடித்து வைத்துவிட வேண்டும் என்று முடிவு செய்தார்கள்.

நாட்குறிப்பை ஒரு கணம் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அது தனித்தாள்களின் கட்டாக இருக்கக் கூடாது, பக்க எண் இட்ட முழுப் புத்தகமாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். தகவல் எந்த மணிக்கு வந்தது, விசாரணை எந்த மணிக்குத் தொடங்கியது, எந்த மணிக்கு முடிந்தது, எங்கெங்கே போனார் என்பதெல்லாம் அன்றன்றைக்கே அதில் ஏற வேண்டும். 41ஆம் பக்கத்துக்கும் 42ஆம் பக்கத்துக்கும் நடுவே பிற்பாடு ஒரு பக்கத்தைச் செருக முடியாது. அந்தப் பதிவின் நகல் உடனடியாக, எப்படியும் 48 மணி நேரத்துக்குள், அருகிலுள்ள மாஜிஸ்திரேட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். பழைய சட்டத்தில் ‘உடனடியாக’ என்று மட்டும் இருந்தது. 48 மணி நேரம் என்ற உச்சவரம்பு புதிதாக வந்தது. நுழையும்போது இல்லாத நீதிபதி, நுழைந்த பின்னாலாவது பார்க்கட்டும் என்பது இதன் நோக்கம்.

இந்த ஒரு வரிக்கு எவ்வளவு எடை என்பதை உச்ச நீதிமன்றம் 1959இல் ராஜஸ்தான் அரசு தொடுத்த மேல்முறையீட்டில் காட்டியது. புகையிலை விவகாரமாக ஒருவர் வீட்டைச் சோதனையிட மத்திய கலால் துறையினர் போனார்கள். வீட்டுக்காரர் தடுத்தார். அரசு ஊழியரைத் தடுத்ததாக அவர்மேல் வழக்கு. சோதனைக்குப் போவதற்கு முன் அந்த அதிகாரி காரணத்தை எழுதி வைக்கவில்லை என்று தெரிந்தது. எழுதி வைப்பது சோதனையின் முக்கியமான படி, அதை விட்டுவிட்டுச் செய்த சோதனை சட்டப்படியானதே அல்ல, அதைத் தடுத்ததும் குற்றமல்ல என்று முடிந்தது. எழுதாமல் விட்ட சில வரிகளால் ஓர் அரசு ஊழியர் தன் அதிகாரம் முழுவதையும் அந்த வாசலில் இழந்தார்.

இதைப் படித்துவிட்டு யாரும் வாசலில் மல்லுக்கட்டக் கிளம்ப வேண்டாம். சீருடையில் நல்லெண்ணத்தோடு செயல்படும் அரசு ஊழியரின் செயலில் சட்டக் குறை இருந்தாலும், உயிருக்கோ பெருங்காயத்துக்கோ அஞ்ச வேண்டிய நிலை இல்லாதவரை அவருக்கு எதிராகத் தற்காப்பு உரிமை கிடையாது என்று இன்னொரு சட்டம் சொல்கிறது. எழுதினாரா எழுதவில்லையா என்பது கதவருகே நிற்கும் உங்களுக்குத் தெரியவும் தெரியாது. வாயால் ஆட்சேபிக்கலாம். கையால் வேண்டாம்.

அடுத்து, அக்கம்பக்கத்தார். சோதனை தொடங்குவதற்கு முன், அந்தப் பகுதியைச் சேர்ந்த சார்பற்ற, மதிப்புள்ள இருவரையாவது சாட்சியாக அழைக்க வேண்டும். அவர்கள் கண்முன் சோதனை நடக்க வேண்டும். எடுத்த பொருள்களையும் ஒவ்வொன்றும் கிடைத்த இடத்தையும் பட்டியல் எழுதி அவர்கள் கையெழுத்திட வேண்டும். நம் பக்கத்தில் மகஜர் என்றால் எல்லோருக்கும் தெரியும். ‘நடுக்கூடத்துத் தென்புற அலமாரியின் இரண்டாம் தட்டில்’ என்ற அளவுக்கு அதில் இடம் குறிக்கப்பட வேண்டும். வீட்டுக்காரர் உடன் இருக்க அனுமதிக்கப்பட வேண்டும், பட்டியலின் நகல் அவர் கைக்கு வர வேண்டும். எழுத்து மூலம் அழைத்த பிறகும் தக்க காரணமின்றிச் சாட்சியாக வர மறுக்கும் அயலாரும் குற்றவாளி ஆவார். அயலாரைச் சட்டம் இவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொள்கிறது.

நடைமுறையில் இது தேய்ந்துபோன இடம். ஒரே ஆள் பல வழக்குகளில் சாட்சியாகத் தோன்றுவதும், போலீசுக்கு வேண்டியவரே அயலாராக வந்து நிற்பதும், நீதிமன்றத்தில் சாட்சி பிறழ்வதும் வழக்கறிஞர்கள் தினமும் பார்ப்பது. அதனாலேயே புதிய சட்டத்தின் 105ஆம் பிரிவு, சோதனையையும் பறிமுதலையும் பட்டியலில் கையெழுத்து வாங்குவது உட்பட ஒலி-ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்று கட்டளையிட்டிருக்கிறது. செல்போனாக இருந்தால் நல்லது என்றும் சொல்கிறது. அந்தப் பதிவு தாமதமின்றி மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும். கேமரா பிறழ்சாட்சி சொல்லாது. ஆனால் அது எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் மட்டுமே தெரியும். எப்போது இயக்கினார்கள், எப்போது நிறுத்தினார்கள் என்பதில் எல்லாம் அடங்கியிருக்கிறது. 1912இல் ஐயர் வீட்டுக் கிணற்றடியில் கேமரா இருந்திருந்தாலும், ஜாடி வெளியே வந்ததைத்தான் காட்டியிருக்கும், உள்ளே போனதை அல்ல. ஆகவே இரண்டு அயலாரை விட்டுவிடாமல் கேமராவையும் சேர்த்துக்கொண்டது சரியான முடிவு.

இனி சூரியன். போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985இன் 42ஆம் பிரிவின்படி, அதிகாரம் பெற்ற அதிகாரி வாரண்ட் இல்லாமல் வீட்டுக்குள் நுழையலாம், கதவை உடைக்கலாம். சாதாரணக் கான்ஸ்டபிளுக்கு அந்த அதிகாரம் இல்லை. நேரம்: சூரிய உதயத்திலிருந்து மறைவு வரை. மறைந்த பிறகு நுழைய வேண்டுமானால், வாரண்ட் வாங்கப் போனால் பொருளை மறைத்துவிடுவார்கள் அல்லது ஆள் தப்பிவிடுவார் என்று நம்புவதற்கான காரணத்தைத் தனியாக எழுத வேண்டும். 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு நகல் போக வேண்டும். நியாயமான சந்தேகம் இல்லாமல் நுழைந்தால் அந்த அதிகாரிக்கே ஆறு மாதம் வரை சிறை என்று அதே சட்டத்தின் 58ஆம் பிரிவு எச்சரிக்கிறது. பெண்ணைக் கைது செய்வதிலும் சூரியன் வருகிறது. மாலைக்கும் காலைக்கும் இடையில் கூடாது. தவிர்க்க முடியாத நிலையில் பெண் அதிகாரி எழுத்து மூலம் மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி பெற வேண்டும். இந்த விதி கட்டாயமானதல்ல, வழிகாட்டும் தன்மையது, ஆனால் பின்பற்றாத அதிகாரி அதற்கு விளக்கம் சொல்லியாக வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2025 பிப்ரவரியில் சொன்னது. 1962 நவம்பரிலிருந்து புதுச்சேரிக்கும் சென்னை உயர் நீதிமன்றம்தானே.

பிரெஞ்சுச் சட்ட மரபு இரவை இன்னும் கடுமையாகப் பார்த்தது. 1799 டிசம்பரில் பிரான்சில் வந்த அரசியல் சாசனம், இரவில் ஒருவர் வீட்டுக்குள் நுழைய மூன்று காரணங்களை மட்டும் ஒப்புக்கொண்டது: தீ, வெள்ளம், உள்ளிருந்து வரும் கூப்பாடு. இன்றைக்கும் பிரான்சில், சில விதிவிலக்குகள் தவிர, காலை 6 மணிக்கு முன்பும் இரவு 9 மணிக்குப் பின்பும் வீட்டுச் சோதனையைத் தொடங்கக் கூடாது. அங்கே கடிகாரம், இங்கே சூரியன். ஏன் இந்த வேறுபாடு என்று யோசித்தால் பூகோளம் குறுக்கே வருகிறது. பாரிஸில் கோடையில் பகல் பதினாறு மணி நேரம், குளிர்காலத்தில் எட்டேகால் மணி நேரம். அங்கே சூரியனை நம்பிச் சட்டம் எழுதினால் டிசம்பரில் போலீஸ் மாலை ஐந்து மணியோடு வேலையை முடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். பன்னிரண்டு பாகை அட்சரேகைக்குச் சற்றுத் தெற்கே இருக்கும் புதுச்சேரியில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரத்துக்குள்தான். இங்கே சூரியனே கடிகாரம். சட்டம் எழுதியவர்கள் இதைக் கணக்கிட்டுத்தான் எழுதினார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் இரண்டு ஊர்களின் வானத்துக்கும் இரண்டு விதிகளும் கச்சிதமாகப் பொருந்துகின்றன.

எனக்கு வருத்தம் தருவது வேறொன்று. 1963 அக்டோபர் 1 முதல் இந்தியக் குற்றவியல் சட்டங்கள் புதுச்சேரிக்கு நீட்டிக்கப்பட்டன. போலீஸ்காரர்களின் சிவப்புக் கெப்பித் தொப்பி பிரெஞ்சுக் காலத்திலிருந்து தொடர்கிறது. இரவைப் பற்றிய அந்தப் பிடிவாதம் தொடரவில்லை. திருட்டு வழக்கோ மோசடி வழக்கோ என்றால், 185ஆம் பிரிவின்படி நள்ளிரவிலும் கதவைத் தட்டலாம். அதைத் தடுக்கும் மணிக்கணக்கு எதுவும் அந்தப் பிரிவில் இல்லை. வயதானவர்கள், கைக்குழந்தைகள் உறங்கும் வீட்டில் இரவு இரண்டு மணிக்குத் தேடுவதற்கும் காலை ஏழு மணிக்குத் தேடுவதற்கும் வித்தியாசம் இல்லை என்று நினைக்கும் சட்டம் ஏதோ ஒன்றைத் தவறவிட்டிருக்கிறது.

நள்ளிரவுத் தட்டலைப் பற்றி உச்ச நீதிமன்றம் பேசாமல் இல்லை. உத்தரப் பிரதேசத்தில் கரக் சிங் என்பவர் 1941இல் ஒரு கொள்ளை வழக்கில் பிடிபட்டு, சாட்சியம் இல்லாமல் விடுவிக்கப்பட்டார். ஆனாலும் போலீஸ் அவருக்கு ‘ஹிஸ்டரி ஷீட்’ திறந்தது. இரவில் போலீசும் ஊர்க் காவலாளிகளும் வந்து கதவைத் தட்டுவார்கள், எழுப்புவார்கள், வெளியே வரச் சொல்வார்கள், இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுப் போவார்கள். 1962 டிசம்பர் 18 அன்று ஆறு நீதிபதிகள் கொண்ட அமர்வு, இந்த இரவு வீட்டுப் பார்வைக்கு இடம்தரும் விதியைச் செல்லாது என்று ரத்து செய்தது. செமெய்ன் வழக்கின் கோட்டைக் கொள்கை அந்தத் தீர்ப்பிலும் பேசப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 16இல்தான் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்திருந்தது. ஆக, இந்தியக் குடிமக்களாகிச் சில மாதங்களிலேயே புதுச்சேரி மக்களுக்கும் இந்தத் தீர்ப்பு கிடைத்தது. அந்தரங்கம் என்று தனியாக ஓர் அடிப்படை உரிமை இல்லை என்றும் அதே தீர்ப்பு சொன்னது. அந்தப் பகுதியைத் திருத்த 2017 ஆகஸ்ட் 24இல் ஒன்பது நீதிபதிகள் அமர வேண்டியிருந்தது.

ரவுடிப் பட்டியலில் பெயர் இருப்பவர்கள் வீட்டுக்கு இரவில் ‘சும்மா பார்த்துவிட்டு வருவது’ அதற்குப் பிறகும் நின்றுவிடவில்லை. கண்காணிப்பு என்ற பெயரில் நள்ளிரவில் கதவைத் தட்டவும் உள்ளே புகவும் போலீசுக்கு உரிமை இல்லை என்று கேரள உயர் நீதிமன்றம் 2025இல் மறுபடியும் சொல்ல நேர்ந்தது. அறுபது ஆண்டுக்கு முன் முடிந்த விஷயத்தை இன்னொரு முறை சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், விதி காகிதத்தில் இருக்கிறது, காகிதம் ஸ்டேஷனுக்கு வந்து சேரவில்லை.

வந்து சேராததற்கு ஒரு காரணத்தை நம் நீதிமன்றங்களே கொடுத்திருக்கின்றன. ஆக்ராவில் ஒரு தபால்காரர் வீட்டுச் சோதனையில் பட்டுவாடா ஆகாத கடிதங்கள் சிக்கின. சோதனை முறைப்படி நடக்கவில்லை என்று அவர் வாதிட்டார். 1962இல் உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம் இது: முறைகேடான சோதனையை வீட்டுக்காரர் எதிர்க்கலாம், அதில் கிடைத்த சாட்சியத்தை நீதிமன்றம் கூடுதல் கவனத்தோடு பார்க்கலாம், ஆனால் கிடைத்த பொருள் அதனால் மட்டுமே செல்லாததாகிவிடாது. 1973இல் பூரண்மல் வழக்கிலும் அதே நிலைதான்: சட்டத்துக்குப் புறம்பான சோதனையில் கிடைத்ததாக இருந்தாலும், வழக்குக்குத் தொடர்புள்ள சாட்சியம் என்றால் ஏற்கலாம். அமெரிக்கா வேறு வழியில் போனது. ஒஹையோ மாநிலம் கிளீவ்லாந்தில் 1957இல் வெடிகுண்டு வழக்குச் சந்தேகநபரைத் தேடிப் போன போலீஸ், ஒரு பெண்ணின் வீட்டுக் கதவை உடைத்து நுழைந்து, வாரண்ட் என்று ஒரு காகிதத்தைக் காட்டி, கடைசியில் ஆபாசப் புத்தகங்களை எடுத்துக்கொண்டு வந்து அதற்கு வழக்குப் போட்டது. வாரண்ட் என்று காட்டிய காகிதம் நீதிமன்றத்துக்கு வரவே இல்லை. 1961இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், இப்படி எடுத்த சாட்சியத்தை எந்த மாநில நீதிமன்றமும் தொடக் கூடாது என்றது. அமெரிக்க வழியிலும் ஆபத்து உண்டு: உண்மையான குற்றவாளி ஒரு போலீஸ்காரரின் தவறால் தப்பிவிடலாம். ஆனாலும் விதியை மீறியதற்கு விலை எதுவும் இல்லை என்றால், விதியைப் படிக்க ஒரு சப் இன்ஸ்பெக்டருக்கு என்ன அவசரம்? போதைப்பொருள் வழக்குகளில் மட்டும் நம் நீதிமன்றங்கள் கண்டிப்பு காட்டுகின்றன. 42ஆம் பிரிவை அடியோடு பின்பற்றாமல் விட்டால் ஏற்க முடியாது என்று 2009இல் அரசியல் சாசன அமர்வே சொல்லியிருக்கிறது. அந்தக் கண்டிப்பு மற்ற வழக்குகளுக்கும் வர வேண்டும்.

புதுச்சேரிக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. ஊரிலிருந்து வடக்கே போனால் முத்தியால்பேட்டை, அது முடிந்ததும் கோட்டக்குப்பம். அங்கே தமிழ்நாடு வந்துவிடுகிறது. இன்னும் வடக்கே காலாப்பட்டு, மறுபடியும் புதுச்சேரி. துண்டு துண்டாகச் சிதறிய நிலம். 185ஆம் பிரிவோ ‘தன் ஸ்டேஷன் எல்லைக்குள்’ என்று பேசுகிறது. திருட்டு மோட்டார் சைக்கிள் கோட்டக்குப்பத்து வீட்டில் நிற்கிறது என்றால், புதுச்சேரி அதிகாரி அந்த எல்லை ஸ்டேஷன் அதிகாரியைச் சோதனையிடக் கேட்கலாம். கேட்டு, காத்திருந்தால் பொருள் மறைந்துவிடும் என்றால் அவரே போகலாம், ஆனால் உடனே அந்த ஸ்டேஷனுக்குத் தகவலும் பட்டியல் நகலும், மாஜிஸ்திரேட்டுக்குப் பதிவுகளின் நகலும் அனுப்ப வேண்டும். ஆளைத் துரத்துவதற்கு எல்லை இல்லை; இந்தியாவில் எங்கும் துரத்திப் பிடிக்கலாம். பாரதியைக் காத்த கோடு இன்றைக்கு ஒரு கடிதம் எழுத வேண்டிய கோடாக மட்டும் இருக்கிறது.

அப்படியானால் கதவு தட்டப்படும்போது என்ன செய்வது? விசாரிக்க வந்திருக்கிறோம் என்பது மட்டும் உள்ளே நுழையும் அதிகாரத்தைத் தராது. திண்ணையில் உட்கார்ந்தே கேள்வி கேட்கலாம், பதில் சொல்லலாம். பெண்களையும் 60 வயதைத் தாண்டியவர்களையும் சாட்சியாக விசாரிக்க வேண்டுமானால் ஸ்டேஷனுக்கு வரச்சொல்லாமல் அவர்கள் இருப்பிடத்துக்கே வர வேண்டும் என்பதும் சட்டம்தான். தேட வந்திருக்கிறோம் என்றால், யார், எந்த ஸ்டேஷன், எந்த வழக்கு, எந்தப் பொருள் என்று கேளுங்கள். கைது செய்யும் அதிகாரியின் பெயர்ப் பட்டை தெளிவாகத் தெரிய வேண்டும். சாட்சிகள் யார் என்று பாருங்கள். அயலாரை நீங்களே கூப்பிடுங்கள். கேமரா ஓடுகிறதா என்று கேளுங்கள். உள்ளே போகும் ஒவ்வொரு அறைக்கும் கூடவே போங்கள். பட்டியலைப் படித்த பிறகு மட்டும் கையெழுத்து, அதன் நகல் கையில்.

எல்லாம் முடிந்து அவர்கள் போன பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பலரும் விட்டுவிடுவது இதைத்தான். 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குப் போய்ச் சேர வேண்டிய அந்தப் பதிவின் நகலைக் கேட்கும் உரிமை, சோதனைக்குள்ளான வீட்டின் சொந்தக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் உண்டு. வாடகை வீடாக இருந்தாலும் உண்டு. கட்டணம் கிடையாது. கடலூர் சாலையில் இருக்கும் நீதிமன்ற வளாகத்தில், சம்பந்தப்பட்ட மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்கு ஒரு மனு எழுதிக் கொடுக்க வேண்டும்: இன்ன தேதியில், இன்ன நேரத்தில், இன்ன ஸ்டேஷனார் எங்கள் வீட்டைச் சோதனையிட்டார்கள், 185ஆம் பிரிவின்படி அவர்கள் எழுதிய காரணங்களின் நகல் வேண்டும். உங்கள் வீட்டுக்குள் வந்த காரணம் என்ன என்று கதவு திறப்பதற்கு முன் அவர்கள் எழுதியதை, எழுதியிருந்தால், அதில் படிக்கலாம். எழுதியிருக்கவில்லை என்றால் அதுவும் தெரிந்துவிடும். வழக்கறிஞர் அங்கிருந்து தொடங்குவார்.